பூஜையறையில் ஒரு சிவப்புச் சொட்டு

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஆறரை மணி. சூலூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் குத்தவைத்து உட்கார்ந்து, களிமண்ணைப் பிசைந்து வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள் சென்னியம்மாள். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம்.

"மூணு வருசம் காலேசுக்கு அனுப்பி கெமிஸ்ட்ரி படிக்க வெச்சது இதுக்குத்தான். அடுத்தவங்க ஊட்டு மேல வரப்பு கட்டறதுக்கு."

"வாய் எவ்வளவு வேணா பேசட்டும்மா. கையை நிறுத்தாதே," என்றாள் மகள் புவனா.

"பொள்ளாச்சிப் பக்கம் ஊரான் காட்டுலயெல்லாம் கட்டியிருக்கேன். மொட்டை மாடியில கட்டச் சொன்னவ நீ ஒருத்திதான்."

போன வெள்ளிக்கிழமை அந்தியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேல் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் நரசிம்மலுவின் பூஜையறையில், கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி நேராக விளக்குத் திரியில் விழுந்தது. விளக்கு அணைந்துபோனது. வேறொரு கிழமையாக இருந்திருந்தால் அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு ஆளை வரச் சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை அணைந்த விளக்குக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும். பூஜையறைக்கு நேர் மேலே இருந்தது புவனாவின் தோட்டம். அதனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள் ஆனாள்.

நரசிம்மலு கத்தவில்லை. புவனா குடும்பம் வாடகைக்கு இருக்கும் கீழ் வீட்டு வாசலுக்கு இறங்கி வந்து, துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"செடியையெல்லாம் எடுத்துப்போட்டீங்கன்னா நல்லதுங்க அம்மணி. புதன்கிழமைக்குள்ள எடுத்துப்போடுங்க."

வெளியே போ என்பதற்கும் ஒரு 'ங்க' போடுகிற ஊர் இது. அந்த 'ங்க'வைக் கேட்டாலே புவனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறுபத்திரண்டு பைகள். நாற்பதில் தக்காளி. மீதியில் பேசில், புதினா, கொத்தமல்லி, ஓமவல்லி. பீளமேட்டில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் திட்டுவதையெல்லாம் புன்னகையோடு கேட்டுக்கொள்ளும் வேலையை உதறிவிட்டு வந்து போட்ட தோட்டம். கோயமுத்தூர் ரேஸ்கோர்சில் கஃபே வைத்திருக்கும் அபிலாஷ் ஒருமுறை வந்து ஒரு தக்காளியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை முதல் பறிப்பு சொன்ன மாதிரி வந்தா வாராவாரம் எடுத்துக்கறேன். வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். காய் தொங்கும் தக்காளியைப் பையோடு தூக்கினால் காம்பு ஒடியும், பூ கொட்டும். தூக்கினாலும் கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது.

அதனால்தான் திங்கட்கிழமை காலையில் புவனா மேல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என் செடித் தண்ணிதான் உங்க பூஜையறையில சொட்டுதுன்னு தெரிஞ்சா, நானே அத்தனையும் தூக்கிப்போடறேன் சார். இல்லைன்னு ஆச்சுன்னா செடி இருக்கணும். ஒரே ஒரு நாள் சோதனை பண்ணிப் பார்த்துடலாம்."

பின்னால் நின்ற அப்பா பாலுசாமி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். நரசிம்மலுவின் குடும்பம் வைத்திருந்த நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். மில்லை மூடி எட்டு வருடம் ஆகிறது. இப்போது சிங்காநல்லூரில் ஓர் அபார்ட்மென்டுக்குக் காவல். ஆனாலும் நரசிம்மலுவைப் பார்த்தால் இன்னும் "மொதலாளி"தான், இன்னும் நின்றுகொண்டுதான்.

நரசிம்மலு கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"சரிங்க அம்மணி. நம்ம கலீல் ரஹ்மான் மேஸ்திரி வந்து பார்க்கட்டும். அவர் சொன்னா சரி. என் சொல்லு சொல்லுதானுங்க."

*

ஏழு மணிக்கு மேஸ்திரி வந்தார். வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் டேப்பு, காதில் பென்சில். பூஜையறைக்கு நேர் மேலே பத்துக்குப் பத்து அடியைச் சுற்றிக் கட்டிய களிமண் வரப்பைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"யாருங்க கட்டினது? எங்க ஆளுங்களுக்கே இப்படி வராதுங்க."

சென்னியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாராட்டை வாங்கிக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை.

வரப்புக்குள் இருந்த பைகளெல்லாம் இரண்டு செங்கல் உயரத்தில் ஏறி நின்றன. புவனா ட்யூபைப் பிடித்து உள்ளே இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாள். பிறகு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, பொடியைத் தண்ணீரில் தூவினாள்.

கேக்குக்கும் ஜாமுக்கும் போடுகிற சிவப்புப் பொடி. பஸ் ஸ்டாண்டு பேக்கரி சுஃப்யானிடம் வாங்கி வந்தது. ஒரு நிமிடத்தில் மாடியில் ஒரு சிவப்புக் குளம். அதில் பச்சை இலைகளும், பழுக்கத் தொடங்கிய தக்காளிகளும் தலைகீழாகத் தெரிந்தன. அவசரத்திலும் புவனாவுக்கு அந்த அழகு ஒரு நொடி கண்ணில் பட்டது.

"கணக்கு இதுதாங்க," என்றாள். "இந்தத் தண்ணி தளத்துல இறங்கினா, கீழ சொட்டறது சிவப்பா இருக்கும். அப்ப என் தப்பு. தெளிஞ்ச தண்ணியா சொட்டினா அது வேற எங்கிருந்தோ வருது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பார்ப்போம்."

"சிவப்பு வந்தா எடுத்துப்போடுவீங்க," என்றார் நரசிம்மலு.

"வந்தா எடுத்துப்போடுவேன்."

பூஜையறையில், வழக்கமாகச் சொட்டும் இடத்துக்கு அடியில் ஒரு புது வேட்டித் துண்டை மடிப்புக் கலைத்து விரித்தார்கள். அப்பாவுக்கு இன்று இரவு ஷிப்ட். பகல் முழுக்க வாசற்படிக்கு வெளியே நின்று அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

நரசிம்மலுவின் மனைவி கோமளா மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்றுதான் புவனா நினைத்திருந்தாள். கொஞ்ச மாதமாகப் படியில் எதிர்ப்பட்டால்கூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிற மனுஷி. திமிரில்லாமல் வேறென்ன?

*

எட்டு மணி. ஒன்பது மணி. துணி வெள்ளையாகவே இருந்தது.

புவனாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மாடிக்கு ஓடினாள். தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தரையில் போட்ட கோட்டைப் பார்த்தாள். கீழே ஓடினாள், துணியைப் பார்த்தாள். மறுபடி மாடி. இடையில் ஒரு தக்காளிச் செடியின் கக்கத்துக் கிளையைக் கிள்ளி எறிந்தாள். பேசிலின் பூத்த நுனியைக் கிள்ளினாள். கையெல்லாம் மணந்தது. அந்த மணத்தோடு மறுபடி கீழே ஓடினாள்.

"அம்மணி, படி தேஞ்சுபோகுமுங்க," என்றார் மேஸ்திரி.

"தேஞ்சா நீங்களே பூசிக் குடுப்பீங்கல்ல."

"பூசித் தரலாமுங்க. கூலி உங்க தக்காளியில புடிச்சுக்கறேன்."

பதினொன்று. பன்னிரண்டு. வெயிலில் குளம் கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவுதான். மேஸ்திரி மண்டியிட்டு, தளத்தின் ஓரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"பழைய சுருக்கித் தளமுங்க இது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடிச்சுப் போட்ட அந்தக் காலத்து வேலை. அஞ்சு மணி நேரமா நிக்குது, ஒரு பொட்டு இறங்கலீங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் புவனாவுக்குள் என்னவோ துள்ளியது. பைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். வந்தவன் போனவன் எல்லாம் படிப்பை வைத்துக் கேள்வி கேட்டார்களே. தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனபோதுகூட, 'பொம்பளப் புள்ளைக்கா வாங்கறீங்க?' என்றுதானே அப்பாவைக் கேட்டார்கள். இப்போது அந்தப் படிப்புதான் இங்கே சிவப்பாகத் தேங்கி நிற்கிறது.

மணி பன்னிரண்டரை. நாலு மணிவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. போனை எடுத்து அபிலாஷுக்கு அனுப்பினாள்: 'சனிக்கிழமை உறுதி. தக்காளி இருபது கிலோ. பேசில், புதினா, கொத்தமல்லி கேட்ட அளவு.'

உடனே பதில் வந்தது. 'சூப்பர் மேடம். சனிக்கிழமை ஸ்பெஷல்னு மெனு அடிக்கக் குடுத்துட்டேன். பத்து மணிக்குள்ள வந்துடணும்.'

அவள் ஒரு செர்ரித் தக்காளியைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். வெயிலில் சூடேறியிருந்த பழம் நாக்கில் வெடித்தது.

ஒரு மணிக்கு நரசிம்மலு வழக்கம்போல மோட்டார் போட்டார்.

ஒன்று இருபதுக்குக் கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"கண்ணு, சித்த இறங்கி வா."

*

வெள்ளைத் துணியின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. அதுவும் சிவப்பு.

படியேறி வந்த சென்னியம்மாள் துணியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாளெல்லாம் ஓயாத வாய் அப்படியே நின்றுபோயிற்று. கோமளா கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்துட்டீங்கல்ல அம்மணி," என்றார் நரசிம்மலு. அப்போதும் குரல் உயரவில்லை. "என்மேல வருத்தப்படாதீங்க. நீங்க சொன்ன சோதனைதான்."

"இன்னைக்குப் பொழுதுக்குள்ள எடுத்துப்போடறோமுங்க மொதலாளி," என்றார் பாலுசாமி.

"அப்பா."

"போதும் கண்ணு. நீ பேசினது போதும்."

ஆறு மணி நேரம் ஒரு பொட்டு இறங்காத தளம், இருபது நிமிடத்தில் எப்படி ஒழுகும்? புவனா சட்டென்று துணிக்கு அருகே மண்டியிட்டாள். மேலே நிற்கும் சிவப்பை அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரோஸ் கலந்த சிவப்பு அது. இதுவோ செங்கல் நிறம். குனிந்து முகர்ந்தாள்.

மஞ்சள் வாசனை.

போனில் டார்ச்சைப் போட்டுக் கூரையில் அடித்தாள். விளக்குப் புகை படிந்த கூரையில், ஈரக் கறைக்கு மேல் ஒரு கை அகலத்துக்கு எதையோ புதிதாக அப்பியிருந்தது. ஓரத்தில் மஞ்சள். ஈரம் பட்ட நடுவில் சிவப்பு.

"யாருங்க மேல மஞ்சள் பூசினது?"

புவனா டார்ச்சைக் கூரையிலிருந்து எடுக்காமலே திரும்பினாள்.

"கேக்கறேன்ல. இங்க யாராவது மஞ்சள் வெச்சீங்களா?"

"நாந்தானுங்க," என்றாள் கோமளா.

இந்த வீட்டுக்குக் குடிவந்த ஆறு வருடத்தில் புவனா அவள் குரலைக் கேட்டது பத்து முறைகூட இருக்காது.

"விளக்கு அணைஞ்ச இடமுங்க. சோதனை அது இதுங்கறீங்க, எனக்கு மனசு கேக்கல. காலையில நீங்கெல்லாம் மாடியில இருந்தப்போ, நல்லபடியா முடியணும்னு மஞ்சளைக் குழைச்சு ஒட்டடைக் குச்சியில தொட்டு வெச்சேன். குங்குமம்கூட வெக்கலீங்க, வெறும் மஞ்சள்தான். சிவப்பு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

பாலுசாமி வாசற்படிக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். துணியைப் பார்க்கச் சொன்னார்கள், துணியைப் பார்த்தார். மொதலாளியம்மா ஒட்டடைக் குச்சியோடு பூஜையறைக்குள் போனால், எதற்கு என்று கேட்கிற ஆள் அவர் இல்லை. மரியாதையாகத் திரும்பி நின்றிருப்பார். அந்த மரியாதை இன்றைக்குத் தோட்டத்தையே காவு வாங்கப் பார்த்தது.

புவனா எழுந்தாள்.

"ஆலாத்தி எப்படிங்க கரைப்பீங்க?"

கோமளா விழித்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும்."

"சிவப்பு யாரு போடறாங்க? யாரும் போடறதில்ல. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா தானே சிவக்கும். இந்தக் கூரை சுண்ணாம்பு அடிச்சது. சுருக்கித் தளத்துல ஊறி வர்ற தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான். ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க."

நரசிம்மலு புருவத்தைச் சுருக்கினார். "எதுக்குங்க?"

"குடுங்க சார், சொல்றேன்."

கோமளா பூஜைத் தட்டிலிருந்தே ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தாள். புவனா அதைப் பாதியாக அறுத்தாள். மாடிக்கு ஓடி, குளத்தில் விரலை நனைத்துக்கொண்டு வந்து, அதே துணியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். எல்லாரும் குனிந்தார்கள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது என் தண்ணி." பிழிந்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"இது உங்க கூரையிலிருந்து விழுந்தது." பிழிந்தாள்.

செங்கல் நிறப் பொட்டு ஒரு கணம் நடுங்கினாற்போல் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து உள்ளே பளிச்சென்று மஞ்சளாக மாறியது.

"அட கெரகமே," என்றாள் சென்னியம்மாள்.

"என் சாயம் ஒரு துளி கலந்திருந்தாலும் சிவப்பு பாக்கி நிக்கும். நிக்குதா பாருங்க."

நரசிம்மலு கையை நீட்டினார். பாதிப் பழத்தை வாங்கி, இரண்டாவது பொட்டின்மேல் தானே பிழிந்தார். அதுவும் மஞ்சளானது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், புவனாவைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "நாப்பது வருசமா வீடு கட்டறேனுங்க. எலுமிச்சம்பழத்தை வெச்சு லீக்கு பார்த்தது இன்னைக்குத்தான்."

புவனாவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பூஜையறை என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

"சரிங்க," என்றார் நரசிம்மலு மெதுவாக. "உங்க தண்ணி இல்லீங்க. அப்ப இது யாரு தண்ணி?"

மேஸ்திரி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"ஒரு மணிக்கு."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்?"

"விளக்கேத்தறதுக்குக் கொஞ்சம் முந்தி."

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "வாங்க அம்மணி, டேங்கைப் பார்க்கலாம்."

*

தண்ணீர்த் தொட்டி மாடியின் மூலையில், வரப்புக்கு வெளியே, ஒரு மேடையின்மேல் நின்றது. அதன் அடியிலிருந்து இறங்கும் பைப்பு தளத்தைத் துளைத்துக்கொண்டு, பூஜையறைச் சுவரோரமாகக் கீழே போகிறது. துளையைச் சுற்றி உயரமாக சிமென்ட் கட்டியிருந்ததால் சிவப்புத் தண்ணீர் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மேலேயிருந்து பைப்பை ஒட்டி வழிவது நேராகத் துளைக்குள் போகும்.

மேஸ்திரி தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கை நனைந்து வெளியே வந்தது.

"இங்கதாங்க. டேங்கு நெரம்ப நெரம்ப அழுத்தம் கூடுது, இந்த ஜாயின்ட்டுல கசியுது." டார்ச்சை அடித்துக் காட்டினார். "ஆனா இது பழைய வேலை இல்லீங்களே. பைப்பை அறுத்து நடுவுல ஒண்ணு சேர்த்திருக்காங்க. சுத்தின டேப்பு இன்னும் வெள்ளையா இருக்கு. ரெண்டு மூணு மாசம் இருக்கும்."

அந்தப் புது இணைப்பிலிருந்து ஒரு கறுப்பு ட்யூப் கிளம்பி, செங்கல்களுக்கு அடியில் மறைந்து, ஓமவல்லிப் பைகளுக்குப் பின்னால் வளைந்து போயிற்று. புவனா அதைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது நீல டிரம்மில் போய் முடிந்தது.

அவளுடைய டிரம். தினமும் காலையில் அவள் எழுந்து வரும்போது விளிம்புவரை நிறைந்திருக்கும் டிரம். எப்படி நிறைந்தது என்று முதல் வாரம் கேட்டதற்கு, 'மேல் டேங்கு வழிஞ்சுது கண்ணு, புடிச்சு வெச்சேன்' என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. வேதியியல் படித்தவள், ஒரு டிரம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை. நாளெல்லாம் தோட்டத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிற அம்மா அதற்குத் தண்ணீரும் கட்டுவாள் என்று எவளுக்குத் தோன்றும்?

மேஸ்திரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகமே சொன்னது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஜாயின்ட்டுல லீக்குன்னு சொல்லிப்போடறேனுங்க. அது உண்மைதானே. யாரு சேர்த்ததுன்னு என்னைக் கேக்கலீங்க."

புவனா டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் தக்காளி. இன்னும் மூன்றே நாள். வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இத்தனை நாள் அவள் பல்லைக் கடித்தது எதற்காக? நேருக்கு நேர் சொல்லாமல், மரியாதையாக மழுப்பிவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்துத்தானே. அவளும் அதையே செய்தால், அப்புறம் அவள் கோபத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

"நானே சொல்லிக்கறேனுங்க," என்றாள்.

*

"அது எங்க பைப்பு சார்."

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். புவனா நின்றபடியே சொன்னாள்.

"தளத்துல ஒழுகல. ஆனா உங்க டேங்குல இருந்து எங்க டிரம்முக்கு ஒரு ட்யூப் இழுத்திருக்கு. அந்த ஜாயின்ட்டுல இருந்துதான் சொட்டுது. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறது பதில் இல்லைன்னும் தெரியும்."

நரசிம்மலுவின் முகம் இறுகியது. "யாரைக் கேட்டுங்க எங்க டேங்குல கை வெச்சீங்க?"

பாலுசாமி கையெடுத்துக் கும்பிடப் போனார். புவனா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நாந்தானுங்க," என்று சென்னியம்மாள் எழுந்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க."

"ஏமண்டி," என்றாள் கோமளா.

வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற அந்தத் தெலுங்கு விளி, ஊர் நடுவே கேட்டதுபோல் எல்லாரையும் திரும்ப வைத்தது.

"அவங்களைக் கேக்காதீங்க. போடச் சொன்னது நானு. பிளம்பரை வரச் சொன்னதும் நாந்தான். நீங்க அன்னைக்கு அந்தியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க."

நரசிம்மலு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு இந்தம்மா கொடத்தைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறுவாங்க. மக எந்திரிக்கறதுக்குள்ள பன்னெண்டு நடை. மூட்டுல கையை வெச்சுக்கிட்டு நம்ம வாசல்ல நின்னு மூச்சு வாங்குவாங்க. எத்தனை நாளைக்குப் பார்க்கறது? மேல டேங்கு நெறையத் தண்ணி இருக்கு, ஒரு குழாயை வெச்சுக்கங்கன்னு சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா தளம் போயிரும், தண்ணி போயிரும்னுவீங்க. அதான் சொல்லல."

"அப்ப வெள்ளிக்கிழமை விளக்கு..."

"நான் வெச்ச குழாய்தான் நான் ஏத்தின விளக்கை அணைச்சிருக்கு," என்றாள் கோமளா. "சாமிக்கும் எனக்கும் உள்ள சங்கதி அது. செடி என்ன பண்ணும்?"

புவனா கோமளாவையே பார்த்தாள். படியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனது திமிரில்லை. எங்கே வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம். இத்தனை நாளும் தன் கோபத்தை வீணாக இந்த மனுஷியின்மேலும் கொஞ்சம் செலவழித்திருக்கிறோம் என்று தோன்றியது.

நரசிம்மலு நாற்காலியில் சாய்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பாலுசாமி பதறி ஓரடி முன்னால் வந்தார். நரசிம்மலு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டி குழாய் வெச்சது புருசனுக்குத் தெரியல. அம்மா தண்ணி கட்டினது மகளுக்குத் தெரியல. நாம ரெண்டு பேரும் மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து சோதனை பண்றோமுங்க அம்மணி."

"செடி, சார்?" என்றாள் புவனா. அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"சொல்லு சொல்லுதானுங்க. தளத்துல ஒழுகல. இருக்கட்டும். பாய், அந்த ஜாயின்ட்டை இன்னைக்கே மாத்திப்போடுங்க. குழாய் அப்படியே இருக்கட்டும்."

புவனா அப்பாவைப் பார்த்தாள். அவர் காலையில் போட்ட நாற்காலியில், யாரையும் கேட்காமல், பொத்தென்று உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் ஓடிப்போய், களிமண் காய்ந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு நடையாம்மா?"

"எண்ணிக்கிட்டா நடந்தேன்? விடு, கை வலிக்குது."

"திட்டிக்கிட்டே இருந்தியே."

"திட்டாம சும்மா எவ தண்ணி தூக்குவா?"

அறுபத்திரண்டு பையும் அங்கேயே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டிகளைக் கழுவிக் காய வைக்க வேண்டும். சனிக்கிழமை விடியலில் பறித்து, ஏழரை பஸ்ஸில் ஏற்றினால் ஒன்பதுக்குள் ரேஸ்கோர்ஸ். புவனாவின் மனம் அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டது.

"அப்புறம் சென்னியம்மா," என்றாள் கோமளா. ரகசியம் இறங்கிவிட்டதால் அவள் குரலே மாறியிருந்தது. "சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பறிக்கறீங்க? சமையல்காரர் அஞ்சரைக்கே வந்துருவாருங்க."

சென்னியம்மாளின் கை புவனாவின் கைக்குள் விறைத்தது.

"எந்தச் சமையல்காரருங்க?" என்றாள் புவனா.

"நம்ம மக நவ்யாவுக்கு சனிக்கிழமை சீமந்தமில்லீங்களா. இருநூறு பேருக்குச் சாப்பாடு. மருந்தடிக்காத தக்காளி, கண் முன்னாடி வளர்ந்தது. புள்ளத்தாச்சிக்கு அதுலதான் ரசம் வெக்கணும்னு எனக்கு ஆசை. முதல் பறிப்பு எங்களுக்குன்னு கார்த்திகையிலயே பேசிக்கிட்டோமே. குழாய்க்கு நான் வேற ஒண்ணும் கேக்கலீங்களே. உங்கம்மா சொல்லலையா?"

நரசிம்மலு சிரிப்பதை நிறுத்திவிட்டார். மேஸ்திரி மெதுவாகப் படியை நோக்கி நகர்ந்தார்.

புவனா அம்மாவின் பக்கம் திரும்பினாள். சென்னியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. எவ்வளவு தர்றேன்னு சொன்னே?"

"தக்காளி முழுசும். பொதினா முழுசும்." சென்னியம்மாள் முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். "கொத்தமல்லி மட்டும் ரெண்டு பை நமக்கு வேணும்னு கறாரா சொல்லிப்போட்டேன் கண்ணு."